புதுத் துப்பாக்கி, பழைய கை

தலைப்பைப் பார்த்துவிட்டு, புனேயில் பிழைக்கப் போனவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று யாரும் கவலைப்பட வேண்டாம். என்னிடம் லைசென்சும் இல்லை, வாங்கும் உத்தேசமும் இல்லை. இருபது வருஷமாக வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஒரு பொருள் நேற்று நன்றாக வந்தது, இன்று ஏன் சொதப்புகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அப்படிப்பட்டவனுக்கு அமெரிக்க லீவர் துப்பாக்கியின் கதை ஒரு பாடப்புத்தகம் மாதிரி. நூற்றறுபது வருஷக் கதை, ஆனால் தொழிற்சாலையில் வேலை செய்யும் யாருக்கும் பழகிய கதை.

லீவர் துப்பாக்கி என்றால் எது என்று உங்களுக்கு நிச்சயம் தெரியும். ஜெய்சங்கர் தொப்பி போட்டுக்கொண்டு குதிரையில் வருவாரே, 1972ல் கர்ணன் எடுத்த 'கங்கா', 'ஜக்கம்மா' காலத்துப் படங்கள்... அந்த கௌபாய் உலகத்துத் துப்பாக்கி. லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லர் கையில் இருக்கும் விஞ்செஸ்டர் என்று சொன்னால் போதும். விசைக்குக் கீழே ஒரு வளையம் தொங்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் 'சடக் சடக்' என்று ஒரு சத்தம். அந்த வளையம்தான் லீவர், நம் பள்ளிக்கூடத் தமிழில் நெம்புகோல்.

உள்ளே நடப்பது இதுதான். லீவரைக் கீழே தள்ளும்போது போல்ட் பின்னால் போகும். சுட்டு முடித்த காலி ரவைக்கூட்டை இழுத்து வெளியே எறியும். போகிற போக்கில் சுத்தியலையும் பின்னுக்குத் தள்ளி நிறுத்திவிடும். குழலுக்கு அடியில் இன்னொரு நீளக் குழாய், அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். அதில் முதலில் நிற்பதை ஒரு சின்னத் தட்டு மேலே தூக்கும். லீவரை மேலே இழுத்தால் போல்ட் முன்னால் வந்து அந்தத் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும். ஒரே கையசைவில் இவ்வளவும். ஒன்றோடொன்று உரசி ஓடும் பாகங்கள் நிறைய. எங்கேயாவது ஒரு நூல் பிசகினாலும் தோட்டா சிக்கிக்கொள்ளும். அதாவது, செய்தவன் கை எப்படிப்பட்டது என்பதை மறைக்கவே முடியாத சாமான் இது.

சட்டைக்காரரின் துப்பாக்கி

ஆலிவர் விஞ்செஸ்டர் துப்பாக்கிக்காரர் இல்லை, சட்டை தயாரித்து விற்றவர்! 1850களில் ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் பணம் போட்டார், அது தள்ளாடியபோது தானே எடுத்து நடத்தினார். அவருடைய பட்டறை மேலாளர் பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860ல் காப்புரிமை வாங்கிய துப்பாக்கிதான் ஹென்றி ரைஃபிள். ஒருதடவை நிரப்பினால் 15, 16 குண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் மருந்து இடித்துக்கொண்டிருந்த காலத்தில் இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1866ல் விஞ்செஸ்டர் பெயரிலேயே கம்பெனி வந்தது. 1873ல் வந்த மாடல்தான் சினிமாவில் எல்லாம் வருவது. ஏழு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

இதில் வீரக்கதை மட்டும் இல்லை. செவ்விந்தியர்களின் நிலம் பறிபோன காலத்துச் சாமான் இது. ஆனால் 1876ல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் கஸ்டரின் படை கையில் இருந்தது ஒரு குண்டு ஸ்பிரிங்ஃபீல்டு. எதிரில் நின்ற லகோட்டா, செயென் வீரர்களில் பலரிடம் ஹென்றியும் விஞ்செஸ்டரும் இருந்தன. 1980களில் அந்த மைதானத்தைத் தோண்டியபோது கிடைத்த ரவைக்கூடுகள் அதை உறுதிப்படுத்தின. கருவி யார் கைக்கும் போகும்.

நம் கதைக்கு முக்கியமான ஒரு சங்கதி 1870களில் நடந்தது. தொழிற்சாலையில் ஒவ்வொரு குழலையும் சுட்டுப் பார்ப்பார்கள். அதில் அபாரமாகக் குறி விழும் குழல்களைத் தனியாக எடுத்து, நல்ல விசை, நல்ல பாலிஷ் எல்லாம் போட்டு 'ஆயிரத்தில் ஒன்று' என்று குழலின் மேல் பொறித்து 100 டாலருக்கு விற்றார்கள். 1873 மாடலில் அப்படி வந்தவை நூற்று முப்பது சொச்சம்தான். இந்த ஏற்பாடு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. காரணமாகச் சொல்லப்படுவது சுவாரசியமானது: ஆயிரத்தில் ஒன்று நல்லது என்றால் மீதி 999 எப்படி என்று வாங்குபவன் கேட்பான் அல்லவா?

1950ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து 'விஞ்செஸ்டர் 73' என்று படம் வந்தது. கதையே இப்படி ஒரு துப்பாக்கி கை மாறிக்கொண்டே போவதுதான். படத்தின் விளம்பரத்துக்காக, மிச்சம் இருக்கும் 'ஆயிரத்தில் ஒன்று' துப்பாக்கிகளைத் தேடினார்கள். தூசி படிந்து கிடந்த பழைய துப்பாக்கிகளுக்குத் திடீர் மவுசு. துப்பாக்கி மாறவில்லை. அதன் மேல் இருந்த நான்கு வார்த்தை எழுத்துக்கு விலை வந்தது. தரம் வேறு, மதிப்பு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1964: தகடு வந்த வருஷம்

யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரரான ஜான் பிரௌனிங் ஒரு மேதை. 1886, 1892, 1894, 1895 என்று விஞ்செஸ்டரின் சிறந்த லீவர் மாடல்கள் எல்லாம் அவர் கைவண்ணம். இதில் 1894 மாடல்தான் அமெரிக்கக் கிராமத்து வீடுகளில் மான் வேட்டைக்கென்று மாட்டியிருந்தது. மொத்தம் 70 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1931ல் கம்பெனி திவாலாகி ஓலின் குடும்பத்தின் கைக்குப் போனபோதுகூட 94 நிற்கவில்லை.

ஆனால் அந்த டிசைன், கூலி மலிவாக இருந்த காலத்து டிசைன். அடித்து உருவாக்கிய எஃகுக் கட்டியைக் கடைந்து, குடைந்து, கடைசியில் ஒரு ஃபிட்டர் அரத்தால் ராவிச் சேர்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கூலி ஏறியது, போட்டியும் ஏறியது. 1964ல் நிர்வாகம் செலவைக் குறைக்க முடிவெடுத்தது. தோட்டாவைத் தூக்கும் அந்தச் சின்னத் தட்டு, முன்பு திடமான எஃகில் கடைந்தது, இப்போது தகட்டை அழுத்தி வடித்ததாக மாறியது. திட ஊசிகளுக்குப் பதில் சுருட்டிய பொள்ளல் ஊசிகள். மேல்கூட்டுக்கு வேறு உலோகக் கலவை. அதில் வழக்கமான கருநீல மெருகு சரியாகப் பிடிக்காமல் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் புதுத் துப்பாக்கிகள் சுடாமல் போகவில்லை. மான் விழுந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், செயல்பாட்டுச் சோதனையில் பாஸ். ஆனால் கையில் எடுத்து லீவரைத் தட்டியவனுக்கு ஒரு லொடலொடப்பு கேட்டது. அது போதும். '64க்கு முந்தையது' என்று ஒரு புதுச் சொல் சந்தைக்கு வந்தது. பழைய துப்பாக்கிக்கு விலை ஏறியது. பின்னால் வந்த வருஷங்களில் அந்தத் தகட்டுத் தட்டை மாற்றினார்கள், ஒவ்வொரு குறையாகச் சரிசெய்தார்கள். ஆனாலும் அந்தக் கோடு அழியவில்லை.

பிறகு 1979-80ல் நீண்ட வேலைநிறுத்தம், 1981ல் தொழிற்சாலை கைமாற்றம், மறுபடி திவால், மறுபடி கைமாற்றம். 2006 மார்ச்சில் நியூ ஹேவன் தொழிற்சாலையை மூடினார்கள். இன்று விஞ்செஸ்டர் பெயரில் வரும் லீவர் துப்பாக்கிகளைச் செய்வது ஜப்பானில், கோச்சி மாநிலத்தில் உள்ள மிரோகு கம்பெனி (நம்ம பக்கத்துக் கொச்சி இல்லை!). வேடிக்கை என்னவென்றால், மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகம்கூட நுழையாத அந்த வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு, 64க்கு முந்தையதை விடவும் இது நேர்த்தி என்று சொல்லும் அமெரிக்கர்கள் உண்டு. ஆனால் வாங்கத் தயங்குகிறவர்களும் உண்டு. ஏனென்றால் அமெரிக்க மேற்கை வென்ற துப்பாக்கி என்று பெயர் எடுத்தது, ஜப்பானிலிருந்து வருகிறதே!

மார்லின்: வரைபடத்தில் இல்லாதது

என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது விஞ்செஸ்டர் அல்ல, மார்லின். ஜான் மார்லின் 1870ல் அதே நியூ ஹேவனில் தொழில் தொடங்கியவர். மேல்பக்கம் மூடிய, காலி ரவைக்கூடு பக்கவாட்டில் வெளியேறும் டிசைன் அவர்களுடையது. பிற்காலத்தில் தொலைநோக்கி மாட்டும் பழக்கம் வந்தபோது இது பெரிய வசதியாகப் போனது. 1924ல் கம்பெனி நொடித்து ஏலத்துக்கு வந்தது. ஃபிராங்க் கென்னா என்ற வக்கீல் 100 டாலருக்கு எடுத்தார். கூடவே ஒரு லட்சம் டாலர் அடமானக் கடனும் தலைமேல்! அந்தக் குடும்பம் எண்பது வருஷத்துக்கும் மேல் நடத்தியது. 1948ல் வந்த 336 மாடல் விஞ்செஸ்டர் 94க்குச் சரியான போட்டி. 1969ல் பக்கத்து ஊரான நார்த் ஹேவனுக்குத் தொழிற்சாலை மாறியது.

2007 கடைசியில் ரெமிங்டன் மார்லினை வாங்கியது. ரெமிங்டனுக்குப் பின்னால் ஒரு முதலீட்டு நிறுவனம். 2010ல் நார்த் ஹேவனை மூடப்போவதாக அறிவித்தார்கள், அடுத்த வருஷத்துக்குள் மூடினார்கள். இயந்திரங்களை லாரியில் ஏற்றி நியூயார்க் மாநிலத்தில் உள்ள இலியன் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஆட்கள் போகவில்லை. இருநூற்றுச் சொச்சம் பேருக்கு வேலை போனது.

இலியனில் இருந்து வந்த முதல் துப்பாக்கிகளைப் பார்த்து வாங்கியவர்கள் அதிர்ந்துபோனார்கள். குறிமுள் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. பின்கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி. பிசிறு நீக்காத விளிம்புகள். தோட்டா பாதி வழியில் சிக்கியது. ரெமிங்டனையும் மார்லினையும் ஒட்டி 'ரெம்லின்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். பழைய நார்த் ஹேவன் குழல்களில் நிறுவனர் பெயரைக் குறிக்கும் 'ஜே.எம்.' முத்திரை இருக்கும். அன்றிலிருந்து அந்த இரண்டு எழுத்துக்கு விலை!

என்ன ஆயிற்று? அதே இயந்திரம், அதே டிசைன், அதே பெயர். பிறகு தெரிந்தது இதுதான்: இயந்திரங்கள் தேய்ந்தவை, பல பத்து வருஷம் ஓடியவை. வரைபடங்கள் பழையவை, நடைமுறையில் செய்துவந்த மாற்றங்கள் அவற்றில் ஏறவில்லை. எந்த மெஷின் எந்தப் பக்கம் இழுக்கும், எவ்வளவு விட்டுப் பிடிக்க வேண்டும் என்பது நார்த் ஹேவன் ஆட்களின் கையில் இருந்தது. கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரும்பை மட்டும் லாரியில் ஏற்றினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், வெளிமாநிலத்தில் இருந்த ஒரு லைனை மொத்தமாகப் பெயர்த்து எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிரைண்டிங் மெஷின் ஒன்று எவ்வளவு சரிசெய்தாலும் அளவு தவறிக்கொண்டே இருந்தது. மூன்று மாசம் ரிஜெக்‌ஷன். கடைசியில் அந்த மெஷினில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். எல்லாரும் அவரை 'காகா' என்றுதான் கூப்பிட்டோம். பத்து நிமிஷம் சத்தத்தைக் கேட்டார். "ஒரு பித்தளைத் தகடு வச்சிருப்பேனே, அது எங்கே?" என்று இந்தியில் கேட்டார். ஃபிக்ஸ்சருக்கு அடியில் அவர் வைத்திருந்த ஒரு சின்னத் துண்டு. பிரிக்கும்போது குப்பை என்று யாரோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள். எந்த டிராயிங்கிலும் அது கிடையாது. காகாவுக்கு ஒருநாள் பேட்டாவும் சாப்பாடும் கொடுத்து அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

ரெமிங்டனும் சும்மா இருந்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வரைபடங்களைக் கணினியில் புதிதாகப் போட்டார்கள், புது மெஷின் வாங்கினார்கள். கடைசிச் சில வருஷங்களில் வந்தவை பரவாயில்லை என்றே பலர் சொன்னார்கள். ஆனால் கெட்ட பெயர் போகவில்லை. 2018ல் ஒருமுறை, 2020ல் மறுமுறை ரெமிங்டன் திவால் மனு கொடுத்தது. 2020 செப்டம்பரில் ரூகர் கம்பெனி கிட்டத்தட்ட 3 கோடி டாலருக்கு மார்லினை எடுத்தது.

ரூகர் அவசரப்படவில்லை. வட கரோலினாவின் மேயோடன் தொழிற்சாலைக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து, ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு மாடலோடு ஆரம்பித்தார்கள். 2021 டிசம்பரில் 1895 எஸ்.பி.எல். வெளிவந்தது. விலை 1,399 டாலர். குளிர்நிலையில் அடித்து உருவாக்கிய குழல், சி.என்.சி. மெஷினில் கடைந்த பாகங்கள். வாங்கியவர்கள் பலர் திருப்தி என்றார்கள். நான் இதில் பார்ப்பது வேறு: தொலைந்த கைத்திறன் திரும்பி வரவில்லை. கை இல்லாமலே சரியாக வரும்படி வேலையை முழுக்கப் புதிதாக எழுதினார்கள். அதற்குக் காலமும் பணமும் ஆகும். அதைச் செலவழிக்க ஒருவர் தயாராக இருந்தார்.

துத்தநாகமும் நல்ல பெயரும்

இன்னொரு பக்கமும் உண்டு. இன்று ஹென்றி என்ற பெயரில் விற்கும் கம்பெனிக்கும் பழைய பெஞ்சமின் டைலர் ஹென்றிக்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. 1996ல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. அவர்களை நிலைநிறுத்திய சின்ன .22 துப்பாக்கியின் மேல்கூடு எஃகு அல்ல, துத்தநாகக் கலவை வார்ப்பு. 1964 விஞ்செஸ்டரைத் திட்டியவர்கள் இதையும் திட்டியிருக்க வேண்டும் அல்லவா? திட்டவில்லை. லீவர் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, விலை நியாயம், பழுது என்று எழுதினால் கம்பெனி பொறுப்பேற்றுச் செய்து தருகிறது என்று புகழ்ந்தார்கள்.

வித்தியாசம் எங்கே? விஞ்செஸ்டர், எஃகு கொடுத்துப் பழக்கிய இடத்தில் தகட்டைக் கொடுத்தது. ஹென்றி, முதலிலிருந்தே இதுதான் என்று கொடுத்தது. பொருள் மட்டமானது என்பதற்காக ஜனங்கள் கோபப்படுவதில்லை. பழைய பெயரை ஒட்டிப் புது மட்டத்தை விற்றால்தான் கோபப்படுகிறார்கள். நம் ஊரில் பேர்போன மிக்ஸர் கடை எண்ணெயை மாற்றினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள், அதேதான்.

இத்தாலியின் ஊபெர்த்தி கம்பெனியும் பல பத்து வருஷமாக 1860, 1866, 1873 மாடல்களின் நகல்களைச் செய்துவருகிறது. நகல் என்று சொல்லியே விற்பதால் யாருக்கும் வருத்தமில்லை. 2024ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியும் '1854' என்ற பெயரில் ஒரு லீவர் துப்பாக்கியை இறக்கியது. விஞ்செஸ்டர் பணம் போட்ட அந்த முதல் கம்பெனியைத் தொடங்கியவர்களே ஸ்மித்தும் வெஸ்ஸனும்தான்! சக்கரம் சுற்றி வந்துவிட்டது.

அப்படியானால் புதியது நல்லதா?

அளவு, எஃகு, குழலின் நேர்த்தி என்று பார்த்தால், இன்று நல்ல தொழிற்சாலையில் வரும் புது லீவர் துப்பாக்கி நூறு வருஷத்துக்கு முந்தையதற்குக் குறைந்ததல்ல. பல விஷயங்களில் மேல். 'அந்தக் காலத்து இரும்பே தனி' என்பதைத் தொழில் தெரிந்தவனாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. '64க்கு முந்தையது', 'ஜே.எம். முத்திரை' இந்தப் பெயர்கள் எப்போது பிறந்தன? பழையது நன்றாக இருந்த காலத்தில் அல்ல. புதியது கெட்ட அன்று. தரம் இருக்கும்வரை அதற்குப் பெயரே கிடையாது, 'துப்பாக்கி' என்றுதான் சொல்வார்கள். போன பிறகுதான் பெயர் வைத்து, விலை வைத்து, கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். நார்த் ஹேவன் ஃபிட்டர்களின் கைக்கு இன்று சேகரிப்பவர்கள் நூற்றுக்கணக்கான டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு சல்லி அந்த ஃபிட்டர்களுக்குப் போகவில்லை.

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் தொழில் கற்ற எத்தனை பேர் இன்று சாக்கனிலும் குர்காவிலும் சானந்திலும் மெஷின் முன்னால் நிற்கிறோம்! நம்மை வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழைப் பார்க்கிறார்கள். உண்மையில் நாம் கொண்டுவந்தது சான்றிதழில் இல்லை. லைன் இடம் மாறும் நாளில் கணக்குப் போடுகிறவர் மெஷினுக்கு விலை போடுவார், கட்டடத்துக்குப் போடுவார், பெயருக்குக்கூடப் போடுவார். கைக்கு எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. அதை எழுதிவைக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். நான் என் பிரிவில் இரண்டு வருஷமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பக்கம், ஆபரேட்டர் பெயரோடு, அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று. பித்தளைத் தகடுகள் மட்டும் இதுவரை ஏழு தேறியிருக்கின்றன :-)

உங்கள் தொழிலில், அது சமையல்கட்டோ தறியோ கணினியோ, இப்படி எழுத்தில் ஏறாத ஒரு பித்தளைத் தகடு இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். வைத்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.